பிரஜாவுரிமையும் பிரதிநிதித்துவமும்: தலிப் சிங் சௌந்தின் முதற் பதவிக்காலமும் 1958 ஆம் ஆண்டுத் தேர்தலும்

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் பதவிக்காலத்தை இரண்டே ஆண்டுகளாக வரையறுத்துள்ளது. செனற் சபையினருக்கு ஆறு ஆண்டுகளும் ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டுகளும் வழங்கிய அவ்வரசியலமைப்பு, மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுவோருக்கு மாத்திரம் இத்துணைக் குறுகிய தவணையை விதித்தமைக்குக் காரணம், அவர்கள் தம்மைத் தெரிந்தோரின் பிடியினின்றும் விலகிச் செல்லலாகாது என்னும் எண்ணமேயாகும். நடைமுறையில் இதன் விளைவு வேறு. முதன்முறை சபைக்குட் செல்லும் ஒருவர் தமக்குரிய ஆசனம் எது, தமக்குரிய குழு எது என்று அறிந்து முடிப்பதற்குள் அடுத்த தேர்தல் வாசலில் வந்து நிற்கின்றது. முதற்றேர்தலில் ஒருவர் வெல்வதற்கு எதிராளியின் பலவீனம், கட்சிக்குள் நிகழ்ந்த பிளவு, அவ்வாண்டு வீசிய அரசியற் காற்று எனப் பல தற்செயல்கள் துணைநிற்கக்கூடும். இரண்டாந் தேர்தலில் அவர் வெல்லும்போதுதான், அத்தொகுதியின் எந்தச் சக்திகள் அவரைத் தமது ஆளாக ஏற்றுக்கொண்டன என்பது புலப்படும்.

இக்கட்டுரையில் அத்தகைய ஒரு தேர்தலை நாம் ஆராய எடுத்துக்கொள்கின்றோம். பஞ்சாபிலே பிறந்து, கலிபோர்ணியாவிலே கூலியாட்களின் கங்காணியாகவும் கமக்காரராகவும் வாழ்ந்து, 1956 இல் காங்கிரசுக்குத் தெரிவான தலிப் சிங் சௌந்த் 1958 இல் மீண்டும் போட்டியிட்டு வென்ற வரலாறே அது. ஆசிய நாடொன்றிற் பிறந்து அமெரிக்கக் காங்கிரசில் வாக்களிக்கும் உரிமையுடன் அமர்ந்த முதல் மனிதர் அவர். அவரைப் பற்றி எழுதியோரிற் பெரும்பாலார் 1956 ஆம் ஆண்டு வெற்றியோடு பேனாவை வைத்துவிடுகின்றனர். முதலாமவர் என்ற பெருமை அங்கே முற்றுப்பெறுவதால் அவர்களுக்கு அதற்கு மேல் எழுத எதுவுமில்லை. எமக்கோ அங்கேதான் கேள்வி தொடங்குகின்றது.

சௌந்த் 1899 செப்ரெம்பர் 20 இல், அமிர்தசரஸ் மாவட்டத்துச் சஜ்ஜுல்வாடி என்னும் கிராமத்திற் பிறந்தவர். தந்தையார் அரசாங்க ஒப்பந்தகாரர். வசதி படைத்த சீக்கியக் குடும்பம். பெற்றோர் இருவரும் எழுத்தறிவு பெறாதவர்களாயினும் பிள்ளைகளின் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தனர். 1919 இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்திற் கணிதத்திற் பட்டம் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரிலிலேதான் அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாக்கிற் படுகொலை நிகழ்ந்தது. காந்தியின் இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்ட இளைஞர் தலைமுறையைச் சேர்ந்த சௌந்த், 1920 இல் அமெரிக்கா சென்று பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பழங்களைப் பதனிட்டுத் தகரத்திலடைக்கும் தொழிலைக் கற்று ஊர் திரும்புவதே முதல் நோக்கம். ஆயினும் கணிதத்துக்கே மீண்டு, 1922 இல் முதுமாணிப் பட்டத்தையும் 1924 இல் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். ஸ்ரொக்ரன் நகரத்துச் சீக்கியக் கோயிலார் மாணவர்களுக்கென நடத்திவந்த விடுதியே அவருக்கு உறைவிடமாயிற்று.

கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் 1925 இல் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குச் சென்று பருத்தி பறிக்கும் கூட்டமொன்றின் மேற்பார்வையாளராய் அமர்ந்தார் என்பது தனிப்பட்ட ஒருவரின் துரதிர்ஷ்டம் அன்று. அக்காலத்துச் சட்டங்களை வரிசைப்படுத்தி நோக்கின் அதன் காரணம் தெளிவாகும். 1913 இலும் 1920 இலும் கலிபோர்ணியா இயற்றிய அந்நியர் காணிச் சட்டங்கள், பிரஜாவுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் கமக்காணியை வாங்குவதையும் பின்னர்க் குத்தகைக்கு எடுப்பதையும் தடைசெய்தன. 1917 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைவலயமாக்கிற்று. இந்தியர் அத்தகுதியற்றோருள் அடங்குவரா என்பது சிறிது காலம் ஐயத்துக்கிடமாயிருந்தது. அமெரிக்கப் படையிற் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், 1923 பெப்ருவரி 19 இல், உயர் நீதிமன்று அவ்வையத்தைத் தீர்த்துவைத்தது. இந்தியர் இனநூலார் கூறும் 'கொக்கேசிய' வகுப்பினராயிருக்கலாம். ஆயினும் சாதாரண மனிதனின் விளக்கத்தில் அவர்கள் வெள்ளையரல்லர் என்பதே தீர்ப்பின் சாரம். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் யப்பானியர் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்று இனநூலை ஆதாரமாகக் கொண்டு அவருக்குப் பிரஜாவுரிமையை மறுத்திருந்தது. ஒருவரை விலக்குவதற்கு விஞ்ஞானம், மற்றவரை விலக்குவதற்குச் சாதாரண மனிதன்! முன்னர்ப் பிரஜாவுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் இத்தீர்ப்பின்பின் அதனையும் இழந்தனர்.

1928 இல் சௌந்த், செக் வமிசத்தைச் சேர்ந்த மரியன் கோசா என்னும் மாணவியை மணந்தார். 1922 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பிரஜாவுரிமை பெறத் தகுதியற்ற அந்நியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் பிரஜாவுரிமையை இழப்பாள். 1931 இலேதான் அவ்விதி நீக்கப்பட்டது. சட்டம் மணவறைவரை நுழைந்திருந்த அந்நாட்களில் அப்பள்ளத்தாக்கின் பஞ்சாபிக் கமக்காரர் பலர் மெக்சிக்கப் பெண்களை மணந்து, சிங் என்ற தந்தை பெயரும் ஸ்பானிய முதற் பெயரும் தாங்கிய பிள்ளைகளைப் பெற்றனர் என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. காணியைப் பிறர் பெயரிற் பதிந்து வைத்துக்கொண்டு பயிரிடுவது அவர்களிடையே பொதுவழக்காயிருந்தது.

இம்பீரியல் பள்ளத்தாக்கைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் அவசியம். பிற்காலத்தில் சௌந்த் பிரதிநிதித்துவம் செய்த தொகுதியின் உயிர்நிலை அதுவே. மெக்சிக்க எல்லையையொட்டி, கடல் மட்டத்துக்குத் தாழ்வாகக் கிடக்கும் பாலைநிலம் அது. 1901 இல் கொலராடோ ஆற்றின் நீர் கால்வாய்வழி அங்கு கொண்டுவரப்பட்டது. 1905 இல் ஆறு கரையுடைத்துப் பாய்ந்ததனாற் சோல்ரன் கடல் எனும் உப்பேரி தோன்றியது. 1930 களிற் கட்டப்பட்ட கால்வாய், முற்றாக அமெரிக்க மண்ணினூடாகவே நீரைக் கொண்டுவந்தது. அங்கே நீர் அரசினுடையது, காணி பெருங்கமக்காரருடையது, உழைப்பு எல்லைக்கு அப்பாலிருந்தோ கடலுக்கு அப்பாலிருந்தோ வந்தது. யப்பானியர், பஞ்சாபியர், பிலிப்பீனியர், மெக்சிக்கர் எனக் கைகள் மாறின. பருத்தியும் லெற்றூசும் முலாம்பழமும் விளைந்துகொண்டேயிருந்தன. 1930 இலும் 1934 இலும் அங்கு தோன்றிய தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் கடுமையாக ஒடுக்கப்பட்டன. குடியியலுரிமை மறுக்கப்பட்ட உழைப்பின்மேற் கட்டப்பட்ட கமத்தொழில் அது எனச் சுருங்கக் கூறலாம்.

சௌந்த் இவ்வமைப்பின் அடித்தட்டில் ஒருபோதும் இருந்தவரல்லர். அதன் நடுப்படியில், கங்காணியாகத் தொடங்கிச் சிறுகமக்காரராய் உயர்ந்தவர். பொருளாதார மந்த காலத்திற் கடனாளியாகி, முறிவறிவித்துத் தப்பித்துக்கொள்ள விரும்பாது ஆண்டுக்கணக்காக உழைத்துக் கடனடைத்தார். பின்னாளில் உர வியாபாரத்தையும் மேற்கொண்டார். இதற்கிடையே சங்கங்களிலும் தேவாலயங்களிலும் இந்திய விடுதலையை ஆதரித்து ஓயாது பேசினார். 1927 இல் கதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது, இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்ற எண்ணத்துக்கு உரமூட்டும் நூலொன்றை எழுதி வெளியிட்டபோது, ஸ்ரொக்ரன் சீக்கியக் கோயிலாரின் வேண்டுகோளுக்கிணங்கி 1930 இல் மறுப்பு நூலொன்றை எழுதினார். ரூஸ்வெல்ற்றின் புதிய ஏற்பாடு அவரை ஜனநாயகக் கட்சியின் அபிமானியாக்கியது. ஆனால் அபிமானி வாக்காளராக முடியாதே! வாக்கில்லாத ஒருவர் கால் நூற்றாண்டாகத் தேர்தல்களைப் பின்தொடர்ந்து வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கையில் மனம் நெகிழாதிருக்க முடியாது.

1942 இல் அவர் முன்னின்று கலிபோர்ணியாவில் இந்தியர் சங்கமொன்றை நிறுவினார். நியூயோர்க்கில் ஜே. ஜே. சிங் முதலானோர் நடத்திய இயக்கத்துடன் அது இணைந்து, இந்தியருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்துக்காகப் போராடியது. 1946 யூலை 2 இல் ஜனாதிபதி ட்றூமன் ஒப்பமிட்ட லூஸ் - செலர் சட்டம் அவ்வியக்கத்தின் பலன். அச்சட்டம் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்னும் குடிவரவுப் பங்கை வழங்கியது. அந்த எண்ணிக்கையே அதன் தாராளத்தின் அளவு. ஆசியாவிலே நட்பு நாடுகளைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்த போர்க்காலத் தேவையும், இந்திய விடுதலை நெருங்கிவிட்டது என்ற கணிப்பும் இச்சட்டத்தைச் சாத்தியமாக்கின எனலாம். ஆயினும் ஏற்கனவே அங்கு குடியிருந்தோர்க்கு அது திறந்த கதவு பெரிது. 1949 திசெம்பர் 16 இல், தமது ஐம்பதாவது வயதில், சௌந்த் அமெரிக்கப் பிரஜையானார்.

அடுத்த ஆண்டே வெஸ்ற்மோர்லண்ட் ஊரின் சமாதான நீதிவான் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். பிரஜாவுரிமை பெற்று ஓராண்டு நிறைவுறவில்லை எனக் காட்டி அப்பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1952 இல் மீண்டும் வென்று பதவியேற்றார். நீதிமன்றுக்கு வருவோர் தலைப்பாகையைச் சொந்தமாக வாங்கவேண்டுமா, அல்லது நீரே வழங்குவீரா என்று அத்தேர்தற் காலத்திற் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒருவர் அவரைப் பலர்முன் ஏளனஞ் செய்தாராம். தலைக்கு மேலே என்ன இருக்கின்றது என்பது பற்றித் தமக்கு அக்கறையில்லை, உள்ளே என்ன இருக்கின்றது என்பதே தமக்கு வேண்டியது என்ற கருத்துப்பட அவர் விடையளித்ததாக அவரே பின்னர் எழுதியுள்ளார். ஊரிற் சூதாட்டத்தையும் விபசாரத்தையும் ஒழிக்க அவர் கடுந்தண்டனைகளை விதித்தமை அவருக்கு நற்பெயரை ஈட்டித் தந்தது. 1954 இல் அவர் இம்பீரியல் கவுண்டி ஜனநாயகக் கட்சி மத்திய குழுவின் தலைவருமானார்.

1956 இல், றிவர்சைட், இம்பீரியல் ஆகிய இரு கவுண்டிகளையும் உள்ளடக்கிய 29 ஆந் தொகுதியின் உறுப்பினராய் இருந்துவந்த குடியரசுக் கட்சியினரான ஜோன் பிலிப்ஸ் ஒதுங்கிக்கொண்டார். வெறுமையான ஆசனத்துக்குச் சௌந்த் போட்டியிட்டார். காங்கிரஸ் உறுப்பினர் ஏழாண்டு பிரஜையாயிருத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. தேர்தல் நாளன்று சௌந்துக்கு ஏழாண்டு பூர்த்தியாகாது. ஆனால் பதவியேற்கும் நாளாகிய 1957 ஜனவரி 3 க்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்னர் பூர்த்தியாகும். கட்சிக்குள் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சட்டத்தரணியொருவர் இதனைப் பற்றிக்கொண்டு வழக்காடியும் கலிபோர்ணிய உயர் நீதிமன்று அவ்வழக்கை ஏற்கவில்லை. கால் நூற்றாண்டு காலம் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தவர், பதினெட்டு நாள் வித்தியாசத்திற் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றார்.

பொதுத்தேர்தலில் அவரை எதிர்த்தவர் ஜக்குலின் கொக்ரன். ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த முதற் பெண், போர்க்காலத்திற் பெண் விமானிகள் படையை நடத்தியவர், அழகுசாதன உற்பத்தி நிறுவனத்தின் உரிமையாளர், பெருநிதியாளரின் மனைவி, ஜனாதிபதி ஐசனோவரின் நண்பர். பெண்ணொருத்தியும் இந்தியனொருவனும் மோதும் வேடிக்கையாக நாட்டின் பத்திரிகைகள் இப்போட்டியை வருணித்தன. அம்மையார் தம் சொந்த விமானத்தில் ஊரூராகப் பறந்து வாக்குக் கேட்டார். சௌந்தின் மனைவியும் பிள்ளைகளும் வீடுவீடாக ஏறியிறங்கினர். புதிய வாக்காளரைப் பதிவுசெய்வதில் அவரது ஆதரவாளர் முனைந்து நின்றனர். ஐசனோவர் கலிபோர்ணியாவை இலகுவாக வென்ற அதே நாளில், சௌந்த் 51 சதவீதத்துக்குச் சற்றே கூடிய வாக்குகளுடன், சுமார் 3,300 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இத்தேர்தலை வர்க்கப் போராட்டமாகக் காட்ட விழைவோர்க்கு ஒன்று கூறவேண்டும்: கோடீசுவரியான கொக்ரன், ஜோர்ஜியாவின் பருத்தி ஆலையிலே குழந்தைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒப்பந்தகாரரின் மகனான சௌந்தைவிட வறுமையை அருகிற் கண்டவர் அவரே. தனிமனிதரின் பூர்வீகத்திலிருந்து அவர்களின் அரசியலை உய்த்துணர முயல்வது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இப்போட்டியே சான்று.

மயிரிழையில் வென்ற முதற்றவணை உறுப்பினர் ஒருவர் செய்யவேண்டியவை பெரும்பாலும் முன்னரே எழுதப்பட்டவை. தொகுதியாரின் கடிதங்களுக்குத் தவறாது விடையளிக்கவேண்டும். ஓய்வூதியம் கிடைக்காத முதியவர், படையிலுள்ள மகனைத் தேடும் தாய் ஆகியோரின் சிறு குறைகளைத் திணைக்களங்களிற் பேசித் தீர்க்கவேண்டும். தபாற் கட்டணமின்றி மடல்களை அனுப்பும் சலுகையை நன்கு பயன்படுத்தித் தம் பெயரை வீடுதோறும் சேர்ப்பிக்கவேண்டும். எதிர்த்து நிற்பவர்க்கு இச்சாதனங்கள் இல்லை. பதவியிலிருப்போர் பதவியிலேயே நீடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். தமக்கென ஓர் இனத்தொகுதியின் வாக்குப் பலமற்ற சௌந்துக்கு இவை மற்றையோரிலும் இன்றியமையாதனவாயிருந்தன. ஆண்டுக்கு 100 பேர் என்ற பங்கு ஒரு வாக்கு வங்கியை எவ்வாறு உருவாக்கும்? அவரைத் தெரிந்தோர் ஏறக்குறைய அனைவரும் அவரினத்தவரல்லாதோரே. இனம் கடந்த வெற்றி என இதனைப் போற்றுவோர் கூறுவது உண்மை. அதே வேளை, அவர் எவருக்குப் பொறுப்புக் கூறவேண்டியிருந்தார் என்பதையும் அது நிர்ணயித்தது.

இரண்டு துறைகளில் அவரது முதற்றவணை தனித்து விளங்கியது. முதலாவது, குடியியலுரிமை. 1875 க்குப் பின்னர்க் காங்கிரஸ் நிறைவேற்றிய முதலாவது குடியியலுரிமைச் சட்டம் 1957 இலேயே வந்தது. சௌந்த் அதனை ஆதரித்துப் பேசி வாக்களித்தார். செனற் சபையில் அது நலிவுற்று வெளிவந்தமை வேறு கதை. இரண்டாவது, வெளிநாட்டலுவல்கள். புதியவர்க்கு எளிதிற் கிட்டாத வெளிநாட்டலுவல்கள் குழுவில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. இவ்விடம் அவரது திறமைக்கு மாத்திரம் கிடைத்ததெனக் கொள்ள முடியாது. 1955 இற் பாண்டுங் மாநாடு கூடிய பின்னர், அணிசேரா ஆசியாவை எவ்வாறு தம் பக்கம் ஈர்ப்பது என்பது வாஷிங்ரனின் கவலையாயிருந்தது. நிறவெறி மலிந்த நாடு என்னும் குற்றச்சாட்டுக்கு மறுப்பாக ஓர் உயிருள்ள சாட்சி தேவைப்பட்டது. அமெரிக்கத் தகவற் சேவை அவரது கதையை வெளிநாடுகளிற் பரப்பியது.

1957 இன் பிற்பகுதியில், தேர்தல் மேடையிலே தாம் அளித்த வாக்குறுதிப்படி, மனைவியுடனும் மகளுடனும் சௌந்த் ஆசியப் பயணம் மேற்கொண்டார். யப்பான் தொடக்கம் பல நாடுகளிற் சுற்றி, 37 ஆண்டுகளின்பின் தாயகம் சேர்ந்தார். இந்தியப் பாராளுமன்ற உறுப்பினர் முன்னிலையில் உரையாற்றினார். பிறந்த கிராமத்தில் மக்கள் திரண்டு வரவேற்றனர். அமெரிக்க ஜனநாயகத்தின் நடைமுறை உதாரணம் தாமே என்று காட்டுவதே அவரது நோக்கம். ஆனால் காலம் அவருக்கு இசைந்து வரவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரிற்றான் ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பாடசாலைக்குட் புகுவதை ஆளுநர் தடுத்ததும், சமஷ்டிப் படை அனுப்பப்பட்டதும் உலகச் செய்தியாயின. சௌந்த் சென்றவிடமெல்லாம் லிற்றில் றொக் பற்றிய கேள்வி எழுந்தது. அவரும் தம்மையே விடையாகக் காட்டினார்.

இவ்விடை குறித்து எமது கருத்தைக் கூறவேண்டும். அவர் பொய் பேசவில்லை. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தொகுதி அவரைத் தெரிந்ததென்பது உண்மையே. ஆயினும் விதிவிலக்கை விதியாகக் காட்டும்போது, விலக்கப்பட்டோர் மேலும் மறைக்கப்படுகின்றனர். அவருக்குப் பிரஜாவுரிமையை மறுத்ததும் அதே ஜனநாயகந்தான். அதனை வென்றெடுத்தது அவரும் அவர்தம் தோழர்களும் நடத்திய போராட்டந்தான். அமெரிக்கா அவருக்கு வழங்கியதென மேடைகளில் அவர் நன்றியுடன் கூறியவற்றுட் பல, உண்மையில் அவர்களே பறித்தெடுத்தவை. அதே வேளை, வெறும் விளம்பரப் பொம்மையாக அவர் இருந்துவிடவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அமெரிக்க உதவி ஆட்சியாளரின் ஆயுதங்களாக மாறுவதிலும் பார்க்க, கிராமத்துச் சாதாரண மக்களைச் சென்றடைவதே பயன்தரும் என்பதைக் குழுவிற் பலமுறை வற்புறுத்தினார். 1961 இல், தம் கட்சியின் ஜனாதிபதியாகிய கெனடியின் விருப்பத்துக்கு மாறாக, வெளிநாட்டுதவி நிதியை ஆண்டுதோறும் காங்கிரசே அங்கீகரித்தல் வேண்டுமென அவர் கொணர்ந்த திருத்தப் பிரேரணை 197 க்கு 185 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

தொகுதிக்குள் அவர் எதிர்கொண்ட வினா இதனினும் கூரியது. 1942 இல் மெக்சிக்கோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்வழித் தோன்றி, 1951 இல் 78 ஆம் இலக்கப் பொதுச்சட்டத்தினால் நிலைபெற்ற 'பிறசேரோ' திட்டம், மெக்சிக்கத் தொழிலாளரைக் குறித்த காலத்துக்குக் கமங்களுக்குக் கொண்டுவந்தது. 1956 இல் அவ்வாறு வந்தோர் தொகை 4,45,000 அளவினது. இம்பீரியல் கவுண்டியின் தலைநகராகிய எல் சென்றோவே அவர்களை வரவேற்றுப் பங்கிடும் நிலையங்களுள் ஒன்று. அவர்கள் பிரஜைகளல்லர், வேலைகொள்வோரை மாற்றும் சுதந்திரமற்றோர், குறைகூறினால் எல்லைக்கப்பால் அனுப்பப்படக்கூடியோர். உள்நாட்டுத் தொழிலாளரின் கூலி உயராது தடுக்கவும், வேலைநிறுத்தங்களை முறிக்கவும் இத்திட்டம் பயன்பட்டது. 1961 ஆம் ஆண்டு லெற்றூஸ் வேலைநிறுத்தத்தின்போது இவ்வுண்மை அப்பள்ளத்தாக்கிலேயே வெளிப்பட்டது.

சௌந்த் இத்திட்டத்தைத் தொடர்வதை ஆதரித்தார். எல்லையின் மறுபுறத்திலிருந்து கமங்களுக்கு ஆள்வருவதை இலகுவாக்க முயன்றார். பெருங்கமக்காரர் அவரிடம் முதலிற் கேட்டதும் அதுவே. பிரஜாவுரிமையற்ற உழைப்பாளியின் நிலை என்னவென்பதை அக்காங்கிரசிலிருந்த மற்றெவரினும் நன்கறிந்தவர், பிரஜாவுரிமையற்ற உழைப்பை வழங்கும் ஏற்பாட்டுக்குத் துணைநின்றார். இதனைத் துரோகம் என்று ஒரு சொல்லிற் கூறிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கூறத் தயங்குகின்றோம். 1925 முதல் அவர் வாழ்ந்த உலகு கமக்காரரின் உலகு. தண்ணீர்க்கூலி, விளைபொருள் விலை, அறுவடைக் காலத்து ஆட்பஞ்சம் ஆகியவையே அவர் அறிந்த துன்பங்கள். தம்மை ஒதுக்கிய சட்டத்தில் அவர் கண்டது நிறத்தின் அநீதியை. அதன் அடியில் இயங்கிய கூலியின் கணக்கை அவர் அநீதியாகக் கண்டதற்குச் சான்று அரிது. வாக்குரிமையற்ற பிறசேரோ அவருக்கு வாக்களிக்கவும் முடியாது, எதிராக வாக்களிக்கவும் முடியாது. முன்னொரு காலத்தில் அவரும் அவ்வாறே இருந்தார்.

1958 நவம்பர் 4 ஆந் தேதித் தேர்தல் இப்பின்னணியிலேயே வந்தது. மூன்று காற்றுகள் அன்று சேர்ந்து வீசின. நாடு பொருளாதாரப் பின்னடைவினின்றும் முழுமையாக மீளாதிருந்தமையால் ஆளுங்கட்சியின்மேல் அதிருப்தி மிகுந்திருந்தது. பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 50 ஆசனங்களை மேலதிகமாகக் கைப்பற்றியது. கலிபோர்ணியாவிற் குடியரசுக் கட்சி தன்னைத்தானே சிதைத்துக்கொண்டது. செனற்றராயிருந்த நோலண்ட் ஆளுநர் பதவியை விரும்ப, ஆளுநராயிருந்த நைற் செனற் சபைப் போட்டிக்குத் தள்ளப்பட, இருவருமே தோற்றனர். எல்லாவற்றினும் முக்கியமானது 18 ஆம் இலக்கப் பிரேரணை. தொழிற்சங்கத்திற் சேராதோரும் சங்கம் வென்ற உரிமைகளை அனுபவிக்க வழிசெய்து சங்கங்களைப் பலமிழக்கச் செய்யும் இப்பிரேரணையை நோலண்ட் ஆதரித்தார். தொழிலாளர் திரண்டெழுந்து வாக்களித்து அதனைத் தோற்கடித்தனர். கட்சி வேட்பாளர் பலர் அவ்வெள்ளத்திற் கரைசேர்ந்தனர். கலிபோர்ணியாவின் 30 காங்கிரஸ் ஆசனங்களுள் 16 ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தன.

சௌந்த் 62 சதவீத வாக்குகளைப் பெற்றார். இரண்டாண்டுகளுக்கு முன் 51 சதவீதம், இப்போது 62. பதினொரு சதவீத உயர்வைக் காற்று மாத்திரம் தந்ததெனக் கூறமுடியாது. முன்னர்க் குடியரசுக் கட்சியின் கோட்டையாயிருந்த தொகுதியிற் கமக்காரரும் வணிகரும் அவரை எதிர்க்கக் காரணமற்றுப்போனமையும் சேர்ந்தே இவ்வுயர்வைத் தந்தது எனக் கொள்வதே பொருத்தம். நகரத் தொழிலாளி 18 ஆம் இலக்கப் பிரேரணைக்கு எதிராக அதே வாக்குச்சீட்டிலே புள்ளடியிட்டுவிட்டு அவருக்கும் இட்டான். பெருங்கமக்காரர் தமக்கு ஆள்கொண்டுவந்தவர் என்பதால் இட்டார். முரண்பட்ட நலன்களையுடைய இரு சாராரும் ஒருவருக்கே வாக்களித்தமை அமெரிக்கக் கட்சி முறையின் இயல்பை நன்கு விளக்குகின்றது. அங்கே கட்சி ஒரு கொள்கையின் வடிவமன்று; தேர்தல் நாளன்று மாத்திரம் கூடும் ஒரு சந்தை. நிறமோ பிறப்போ 1958 இற் பெரிய பேச்சாயிருக்கவில்லை என்பதும் உண்மை. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. திந்த் வழக்கில் 'சாதாரண மனிதன்' மீது நீதிமன்று ஏற்றிய கருத்தை, முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் அச்சாதாரண மனிதர்களே வாக்குச்சாவடியிற் பொய்ப்பித்தனர். உயர் நீதிமன்றிலும் பார்க்க இம்பீரியல் கவுண்டி வாக்காளர் தாராள மனத்தினராயிருந்தனர் என்றால் மிகையன்று.

1960 இல் சௌந்த் மூன்றாம் முறையும் வென்றார். தம் வாழ்க்கை வரலாற்று நூலையும் அவ்வாண்டே வெளியிட்டார். 1962 மே மாதத்தில் விமானத்திற் செல்கையிற் பாரிசவாதத்தால் தாக்குண்டு பேச்சையும் நடமாட்டத்தையும் இழந்தார். வேட்பாளரால் தொகுதியிற் கால்வைக்க முடியாத நிலையில், மனைவியும் கட்சியினரும் அவர் பெயரால் வாக்குக் கேட்டனர். நவம்பரில் அவர் குடியரசுக் கட்சியின் பற் மார்ற்றினிடம் தோற்றார். 1973 ஏப்ரில் 22 இற் காலமானார்.

பிறசேரோ திட்டத்தைக் காங்கிரஸ் நீடிக்க மறுத்தமையால் அது 1964 திசெம்பர் 31 உடன் முடிவுற்றது. அடுத்த ஆண்டு டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர், முதலிற் பிலிப்பீனியரும் பின்னர் மெக்சிக்கருமாக, வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே 1965 இல் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் நாட்டினப் பங்குகளை ஒழித்தது. அதன்வழி வந்த இந்தியரிற் பெரும்பாலார் மருத்துவரும் பொறியியலாளரும் ஆவர். பருத்தி வயலைக் கண்டவர் அவர்களிற் சிலரே. சௌந்துக்குப் பின் இந்திய வமிசத்தவர் ஒருவர் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவாக 2004 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லூசியானா மாநிலத்தினின்றும் சென்ற அவர், பொபி ஜின்டால், குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்.